நிமிரக் கூடாத நாட்கள்

பேரையூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரின் பள்ளியில் கரும்பலகையில் மயில் வரைந்துகொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு நான் கதை சொல்வது எப்போதும் வரைந்தபடிதான். ஜப்பானில் ஒரு மலையூர் நூலகத்தில், கென்யாவில் ஒரு தகரக் கொட்டகைப் பள்ளியில், மெக்சிகோவில் ஒரு சந்தைக்கு நடுவில் என்று போன இடமெல்லாம் அப்படித்தான் செய்திருக்கிறேன். மொழி தெரியாத ஊரில் என் வாய்க்கு வேலை குறைவு. சாக்பீஸ் பார்த்துக்கொள்ளும்.

அன்றைய கதை ஒரு மினி பஸ்ஸைப் பற்றியது. ஓர் ஆடு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறி, ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது; வெளியே ஒரு மயில் நின்று வேடிக்கை பார்க்கிறது. அந்தப் புத்தகத்தைத்தான் அப்போது எழுதி வரைந்துகொண்டிருந்தேன். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மினி பஸ்ஸில் நாலு தடவை போய்வந்து, உள்ளே கம்பி எங்கே, படி எப்படி, டிரைவர் பக்கத்தில் என்னவெல்லாம் தொங்குகிறது என்று பார்த்து வரைவதற்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். அங்கே பழக்கமான ஆசிரியை ஒருவர், பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போங்கள் என்று பள்ளிக்குக் கூட்டிப்போனார்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"டீச்சர், மயிலுக்கு ஒத்தக் கால்தான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு கால் போட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டடி பின்னால் வந்து பார்த்தேன். இரண்டாவது காலை மயிலின் உடம்பைவிட்டுத் தள்ளி, பஸ் சக்கரத்தின் மேல் போட்டிருந்தேன். அது அங்கே ஒரு குச்சி போல நின்றிருந்தது.

இங்கே என் கண்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்கு இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். குழந்தையாக இருக்கும்போதே நல்ல கண்ணை மூடிக் கட்டிப் பழக்கியிருந்தால் சரியாகியிருக்கும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஆக இத்தனை வருடம் எழுதியது, வரைந்தது, ஊர் ஊராகப் போய்ப் பார்த்தது எல்லாம் வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான். அந்தக் கண்ணில் முந்தின இரண்டு நாளாக ஓரத்தில் மின்னல் வெட்டுவது போல இருந்தது. கொசு பறப்பது போலக் கரும்புள்ளிகள் மிதந்தன. அப்போதுதான் நீண்ட விமானப் பயணம் முடிந்து திரும்பியிருந்ததால் தூக்கமில்லாததன் கோளாறு என்று இருந்துவிட்டேன்.

கரும்பலகைக்கு முன்னால் நின்று இடது கண்ணைக் கையால் பொத்தினேன். வலது கண்ணில் கீழ்ப்பக்கம் மூக்கோரமாக இருட்டாக இருந்தது. மங்கலில்லை, இருட்டு. கீழேயிருந்து யாரோ ஈரத்துணியைத் தூக்கிப் பிடித்ததைப் போல. மயிலின் தலை தெரிந்தது, கழுத்து தெரிந்தது, வயிற்றோடு படம் முடிந்துவிட்டது.

சாக்பீஸை அந்தச் சிறுமியிடம் கொடுத்து, மீதியை நீயே வரை என்றேன்.  ஆசிரியை என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்கு அவரே போன் போட்டார். எதிர்முனையில் இருந்த பெண் என்னிடம் கேள்விகளாகக் கேட்டாள். இருட்டு எந்தப் பக்கம், எப்போதிருந்து, ஏறுகிறதா, நடுவில் பார்க்கிற இடம் தெளிவாக இருக்கிறதா. இருக்கிறது என்றேன். அப்படியானால் இப்போதே கிளம்புங்கள், ஒன்றும் சாப்பிடாதீர்கள், வண்டியில் சாய்ந்து படுத்தே வாருங்கள், குலுங்காமல் வரப் பாருங்கள் என்றாள். நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால் அதற்கப்புறம் ஆபரேஷன் செய்தாலும் பழைய பார்வை வருமென்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

வாடகைக் கார் ஓட்டுகிற ஒருவரை ஆசிரியை பிடித்துக் கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும். கனத்த உடம்பு, அதிகம் பேசாதவர். முன் சீட்டைப் பின்னால் சாய்த்து என்னைப் படுக்க வைத்துவிட்டு, "யக்கா, மேடு பள்ளம் எனக்குத் தெரியும். நீங்க கண்ண மூடிக்கங்க," என்றார்.

நான் மூடவில்லை. மூட முடியவில்லை. கண்ணாடிக்குக் கீழே ஒரு சிவப்புப் பாசிமணிச் சரம் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கண்ணைப் பொத்தி அந்தச் சரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கிளம்பும்போது சரம் முழுதாகத் தெரிந்தது. இருட்டு அதற்குக் கீழே நின்றது. உசிலம்பட்டி தாண்டும்போது சரத்தின் நுனிக் குஞ்சம் இருட்டுக்குள் போயிருந்தது. தலையை அசைத்திருப்பேன், சீட் நகர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி பார்த்தேன். குஞ்சம் இல்லை.

செக்கானூரணிக்கு முன்னால் வண்டி நின்றது. தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் காலிக் குடங்களை ரோட்டின் குறுக்கே வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் பஸ்களும் லாரிகளும் நின்றன. டிரைவர் இறங்கிப் போனார். நான் படுத்தபடி காரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அவர் பேசுவது கேட்டது. வண்டிக்குள் கண் தெரியாமல் ஒருவர் இருக்கிறார், ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்கிறார்.

"எல்லாரும் ஆஸ்பத்திரின்னுதான்யா சொல்றீக," என்றது ஒரு பெண் குரல்.

அந்தக் குரலே ஜன்னல் பக்கம் வந்தது. குனிந்து என்னைப் பார்த்தாள். வெயிலில் நின்று வியர்த்திருந்தாள். கோபமாகத்தான் இருந்தாள். முகத்துக்கு நேரே கையை நீட்டி, எத்தனை விரல் என்று கேட்டாள். நான் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன்.

"நுனி மட்டுந்தான் தெரியுது. கை தெரியல," என்றேன்.

கையை இறக்கினாள். அப்புறம் திரும்பி, "ஓரமா நாலு கொடத்த எடுங்கடி. இந்தக் கார் மட்டும் போகட்டும்," என்றாள். குடங்கள் தார் ரோட்டில் உரசுகிற சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அவர்களுக்கு அன்று தண்ணீர் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

காளவாசலில் சிக்னலில் மாட்டிக்கொண்டோம். எங்கள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். கீழ்வீட்டில் தம்பியும் அவன் மனைவியும், மாடியில் நான். தம்பி சுங்குடிச் சேலை வியாபாரத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தான். வழியிலிருந்து அவன் மனைவிக்குத்தான் போன் செய்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நான் வாரேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நான் மருத்துவமனை வாசலில் இறங்கும்போது அவள் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள். கையில் ஒரு பை. அதில் துண்டு, மாற்றுத் துணி, என் ஆதார் அட்டை, சர்க்கரை இருக்கிறதா என்று முந்தின மாதம் பார்த்த ரிப்போர்ட்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். அவள் பேரையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தம்பி விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். வந்த சில வருடங்களில் எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டாள். ஆனால் கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் தமிழுக்குப் போய்விடுவாள். எனக்கும் அவளுக்கும் சண்டை என்று ஒன்று இருந்ததில்லை. பேச்சும் பெரிதாக இருந்ததில்லை. நான் மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பேன், திரும்பி வந்து பெட்டியை மாடிக்கு ஏற்றுவேன், அவள் சாப்பாடு கொடுத்தனுப்புவாள். என் புத்தகங்களில் ஒன்றைக்கூட அவள் புரட்டிப் பார்த்து நான் கண்டதில்லை.

பரிசோதனை அறையில் டாக்டரம்மா நெடுநேரம் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கிற விழித்திரை மேல்பக்கம் கிழிந்துவிட்டது, கிழிசல் வழியே நீர் இறங்கித் திரையைச் சுவரிலிருந்து பிரித்துக்கொண்டு வருகிறது என்றார். எனக்கு மழைக்காலத்தில் ஈரம் இறங்கிய சுவரில் வெள்ளையடிப்பு உப்பிக்கொண்டு வருவது ஞாபகம் வந்தது.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"குழந்தைகளுக்குக் கதை எழுதுறேன். படமும் நான்தான் வரையறேன்."

"இடது கண்ணுல எவ்வளவு தெரியும்?"

சுவரிலிருந்த எழுத்துப் பலகையில் மேல் வரியை மட்டும் படித்துக் காட்டினேன். அவர் மறுபடி ஒருமுறை வலது கண்ணுக்குள் பார்த்தார். பிறகு, "நடு இன்னும் ஒட்டியிருக்கு. விளிம்புல நிக்குது," என்றார். "காலையில முதல் ஆளா உங்களை எடுத்துக்கறேன். அதுவரைக்கும் மல்லாந்து படுத்தே இருங்க. பாத்ரூம் தவிர எழுந்திரிக்காதீங்க."

மறுநாள் காலையில் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரக்க வைத்துத்தான் செய்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. கண் மரத்துப்போனாலும் உள்ளே ஏதோ தெரிந்துகொண்டிருந்தது. வெளிச்சத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு கம்பி வந்தது, போனது, மறுபடி வந்தது. வலி இல்லை. அசையக் கூடாது என்ற பயம்தான் வலியைவிடப் பெரிதாக இருந்தது. எனக்கு இருமல் வரப் போவது போல இருந்தது. வரவில்லை. தொண்டையை இறுக்கிக்கொண்டு கிடந்தேன். தாளில் நேர்கோடு இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அந்தப் பழக்கம் அன்று உதவியது.

முடிந்ததும் டாக்டரம்மா எங்கள் இருவரையும் வைத்துச் சொன்னார். கிழிசலை லேசரால் ஒட்டியாயிற்று. ஒட்டு பிடிக்கும் வரை திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒரு வாயு நிரப்பியிருக்கிறது. வாயு மேலே மேலே போகும்; திரை இருப்பதோ கண்ணின் பின்பக்கம். அதனால் நான் குப்புறத்தான் கிடக்க வேண்டும். சாப்பிடும்போதும் நடக்கும்போதும் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். வாயு முழுதும் கரையும் வரை விமானம் ஏறக் கூடாது. உயரம் போனால் வாயு விரிந்து கண்ணை நெரித்துவிடும். கொடைக்கானல்கூடப் போகக் கூடாது.

அடுத்த மாதம் இத்தாலியில் ஓர் ஊர் நூலகத்தில் என் படங்களைக் காட்சிக்கு வைப்பதாக இருந்தார்கள். டிக்கெட் எடுத்து, விசா வாங்கி வைத்திருந்தேன். நான் வாய் திறப்பதற்குள் தம்பி மனைவி, "அவுங்க எங்கயும் போக மாட்டாங்க டாக்டர்," என்றாள்.

வீட்டில் கீழ்வீட்டு முன்னறையில் எனக்குக் கட்டில் போட்டாள். கட்டிலின் முனையைத் தாண்டித் தலை வரும்படி படுத்து, நெற்றிக்கு ஒரு ஸ்டூலும் அதன் மேல் நடுவில் குழி விட்டு மடித்த துணியும். தட்டைத் தரையில் வைப்பாள். ஸ்பூனால் கீழிருந்து மேலே எடுத்துச் சாப்பிட வேண்டும். தண்ணீர் உறிஞ்சுகுழலில். இரண்டாம் நாளே கழுத்து இரும்பாகிவிட்டது. கண்கட்டைப் பிரித்த பிறகு வலது கண்ணில் வெளிச்சமும் அசைவும் மட்டும் தெரிந்தன. மூக்கை ஒட்டி எதையாவது வைத்தால் மட்டும் திடீரென்று தெளியும். படுக்கை விரிப்பின் நூல் ஒவ்வொன்றும் கயிறு போலத் தெரிந்தது. தலையை இம்மி தூக்கினால் எல்லாம் கலங்கிவிடும்.

பகல் முழுக்க நான் பார்த்தது தரையை. இடது கண்ணின் மங்கலில் டைல்ஸின் கோடுகளும், வந்து போகிற கால்களும். தம்பி ஊரிலிருந்து திரும்பியிருந்தான். அவன் கால்கள் வாசற்படியிலேயே நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போய்விடும். நோயாளியின் பக்கத்தில் உட்கார அவனுக்கு எப்போதுமே தைரியம் கிடையாது. மற்றபடி அவள் கால்கள்தான். வேகமாக வருகின்றனவா, தேய்த்துக்கொண்டு வருகின்றனவா என்பதை வைத்து அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளப் பழகினேன்.

அந்த வாரத்தில் சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் போன் செய்தார். நல்ல மனிதர். உடம்பை விசாரித்தார், வருத்தப்பட்டார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். அச்சகத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். இந்த முறை விட்டால் ஆட்டுப் புத்தகம் பள்ளிகளுக்குப் போகிற பட்டியலில் சேராது. மீதிப் படங்களை வேறு யாரிடமாவது கொடுத்து என் பாணியிலேயே வரையச் சொல்லலாமா என்று கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். என் ஆட்டை இன்னொருவர் வரைவது என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிட, இனி என்னால் வரையவே முடியாது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டது. மத்தியானம் அவள் கடைக்குப் போன நேரத்தில் எழுந்தேன். தலையைக் குனிந்தபடியே சுவரைப் பிடித்து மாடிக்கு ஏறிவிட்டேன். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து விளக்கைப் போட்டு நிமிர்ந்தேன். முடிக்காத பக்கத்தை இடது கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். ஆட்டின் காதை ஒரு கோடாகப் போட்டேன். கோடு எங்கே ஆரம்பித்தது என்றே தெரியவில்லை. இன்னொன்று போட்டேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ, படியில் அவள் ஏறி வருகிற சத்தம் கேட்டது.

கதவருகே நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தப்பு செய்த பிள்ளை மாதிரி.

"எம்புட்டு நேரமா நிமிந்து ஒக்காந்திருக்கீங்க?" என்றாள்.

இப்போதுதான் வந்தேன் என்றேன். அவள் உள்ளே வந்து மேஜை விளக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"பொய் சொல்லாதீங்கக்கா. விளக்கு சூடா இருக்கு."

நான் எழுந்திருக்கவில்லை. இது என் வேலை, என் கண், எனக்குத் தெரியும் என்று ஏதோ சொன்னேன். அவள் வீட்டு மொழியை விட்டுத் தமிழுக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்கப்பாவுக்கு சக்கரையில கண்ணு போச்சு. ஆபரேசன் பண்ணி, பதனமா இருங்கன்னு சொல்லித்தான் விட்டாங்க. பருத்தி எடுக்க ஆளில்லன்னு நாலாம் நாளே காட்டுக்குப் போயிட்டாரு. அதுக்கப்புறம் சோத்துல இது கொழம்பு, இது கறின்னு அவரு கையப் பிடிச்சு வச்சுக் காட்டினவ நான். கல்யாணம் ஆகி வார வரைக்கும். கண்ணு ஒங்களுது மட்டும்னு நெனைக்காதீங்க. போச்சுன்னா வீட்டுக்கே போகும். இங்க கையப் பிடிச்சுக் காட்டப் போறவ யாரு? நான்தான்."

அவள் அப்பா கண் தெரியாமல் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் ஒருநாளும் கேட்டதில்லை.

என் தோளைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தாள். கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.  அன்று சாயங்காலமே கண்ணில் வலி தொடங்கியது. முதலில் கண்ணுக்குப் பின்னால் குத்தல், அப்புறம் பாதித் தலை. வாந்தி வந்தது. ஆட்டோவில் குனிந்தபடியே மருத்துவமனைக்குப் போனோம். வழியெல்லாம் அவள் என் பிடரியில் கை வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். நான் நிமிர்ந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று இருவருமே நினைத்தோம். அதை இருவருமே சொல்லவில்லை.

அங்கே வேறொரு டாக்டர் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, வாயு நிரப்பினால் சிலருக்கு ஏறும், நிமிர்ந்ததால் இல்லை என்றார். மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்து அங்கேயே உட்கார வைத்திருந்து மறுபடி அளந்தார். இறங்கியிருந்தது. திரை ஒட்டியே இருக்கிறது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் என் பிடரியிலிருந்து கையை எடுத்தாள்.

மறுநாள் காலையில் ஒரு வெள்ளைத் தாள் கட்டையும் கரித்துண்டும் மாடியிலிருந்து எடுத்துவந்து, நான் சாப்பிடுகிற தட்டு வைக்கும் இடத்தில் தரையில் வைத்தாள். "படுத்துக்கிட்டே கிறுக்கணும்னா கிறுக்குங்க. தலையத் தூக்கினா எடுத்துருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்ன வரைவது? கண்ணில் பட்டது அவள் கால்தான். அது அடுப்படிக்குப் போவது, வாசலில் பால்காரரிடம் நிற்பது, என் கட்டிலருகே வந்து பெருவிரலைத் தூக்கிக்கொண்டு யோசிப்பது. கையைத் தொங்கவிட்டபடி பெரிய பெரிய கோடாகப் போட்டேன். நுணுக்கம் எதுவும் முடியாது. ஒருநாள் தாளைக் கூட்டி எடுக்கும்போது அவள் நின்று பார்த்தாள்.

"இது என் காலா?"

ஆமாம் என்றேன்.

"குதிகால் இம்புட்டு வெடிச்சா இருக்கு?"

அவ்வளவு இல்லை, கரி அப்படிக் காட்டுகிறது என்றேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்றத் தாள்களோடு சேர்த்து அலமாரி மேல் வைத்தாள். மறுவாரம் மெடிக்கலில் என் சொட்டு மருந்து வாங்கும்போது பித்தவெடிப்புக் களிம்பும் ஒன்று வாங்கி வந்திருந்தாள்.

குப்புறப் படுத்தது போதும் என்று டாக்டரம்மா சொன்ன நாளில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உலகம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. பிறகு ஒருநாள் பார்வையின் மேல் விளிம்பில் ஒரு கீற்று தெளிவு வந்தது. வாயு கரையக் கரைய அந்தக் கீற்று அகலமாகிக்கொண்டே கீழே இறங்கியது. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஜன்னல், மின்கம்பி, எதிர்வீட்டு மாடி. கோட்டுக்குக் கீழே கலங்கல். நடந்தால் கொத்தனாரின் ரசமட்டத்தில் இருக்கிற குமிழி மாதிரி அந்தக் கோடு ஆடும். ஒருநாள் காலை கண் விழித்தபோது கோட்டைக் காணோம். அடியில் கறுப்பாக வளைந்து ஒன்று நின்றது. பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே இருட்டு என்று நினைத்துவிட்டேன். அவளைக் கூப்பிட்டேன். பல்கூட விளக்காமல் இருவரும் மருத்துவமனைக்கு ஓடினோம். அது கரைந்து சிறுத்த வாயுக் குமிழியின் விளிம்புதான், இன்னும் சில நாளில் அதுவும் போய்விடும் என்றார்கள். திரும்பும்போது காளவாசலில் ஒரு கடையில் நின்று காபி குடித்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 

குமிழியும் போயிற்று. எழுத்துப் பலகையில் கடைசிக்கு இரண்டு வரி முன்னால் வரை படித்தேன். டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து மாடிக்குப் போய் மேஜையில் உட்கார்ந்து, மினி பஸ்ஸின் கூரைக்கு ஒரு நேர்கோடு இழுத்தேன். கோட்டின் நடுவில் ஒரு புடைப்பு தெரிந்தது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தேன். மறுபடியும் புடைப்பு. ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஸ்கேலே வளைந்திருந்தது. ஜன்னல் கம்பி வளைந்திருந்தது. கதவு நிலை வளைந்திருந்தது.

திரை ஒட்டியிருக்கிறது, ஆனால் நடுவில் மெல்லிய சுருக்கம் இருக்கிறது, காலப்போக்கில் குறையலாம், குறையாமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. என் புத்தகங்களில் படம் எல்லாமே மெல்லிய பேனாக் கோடு. மயிரிழை போல ஓடும் கோட்டுக்குத்தான் என்னை வெளிநாடுகளில்கூடக் கூப்பிட்டார்கள். அந்தக் கோட்டை இழுக்கக் கையில் தெம்பு இருந்தது. சரியாக இழுத்தோமா என்று பார்க்கக் கண் இல்லை. பல நாள் மேஜைக்குப் போகவே பயமாக இருந்தது. மாடியில் சும்மா உட்கார்ந்திருப்பேன். கீழேயிருந்து அவள் சாப்பிடக் கூப்பிடும்போது, வேலையாக இருக்கிறேன் என்று பொய் சொல்வேன்.

கத்தரிக்கோலுக்கு எப்படி வந்தேன் என்று யாராவது கேட்டால் அழகான பதில் எதுவும் என்னிடம் இல்லை. ஏதாவது செய்ய வேண்டுமே என்று பழைய வண்ணத் தாள்களை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டும்போது கண்ணைவிட விரலுக்கு வேலை அதிகம். ஓரம் சீராக இருக்கிறதா என்று தடவினால் தெரிந்துவிடும். ஆட்டை ஒரே வெட்டில் வெட்டினேன். கொம்பு ஒரு பக்கம் பெரிதாகிவிட்டது. அப்படியே விட்டேன். பிறகு பஸ். பிறகு கண்டக்டரின் பை.

பதிப்பாசிரியருக்கு இரண்டு பக்கம் அனுப்பினேன். அவர் நேர்மையாகவே சொன்னார்: முன்பாதி ஒருவர் வரைந்தது, பின்பாதி வேறொருவர் செய்தது போல இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று தூங்காமல் யோசித்து, முன்பாதியையும் தாள் வெட்டியே புதிதாகச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அச்சகத்து இடம் போனது. பள்ளிப் பட்டியலும் போனது. இத்தாலியில் என் பழைய படங்களை நான் இல்லாமலே மாட்டிக் கழற்றிவிட்டார்கள். புத்தகம் மிகத் தாமதமாகத்தான் வந்தது. சிலருக்குப் பிடித்தது. பழைய கோடு போய்விட்டதே என்று ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் சொன்னது உண்மைதான்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது அவளும் வந்தாள். இடது கண்ணிலும் ஓரத்தில் மெலிந்த இடம் இருந்ததால் முன்னெச்சரிக்கையாக அதற்கும் லேசர் போட்டிருந்தார்கள். அது நன்றாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. வலது கண்ணில் இனி புரை வரும், இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சீக்கிரம் வரும், அப்போது அதை எடுத்து லென்ஸ் வைக்க வேண்டும் என்றார். 

"அப்ப மறுபடியும் குப்புறப் படுக்கணுமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

அதற்குத் தேவையில்லை, காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்.

"அப்ப சரி," என்றாள். பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்து நீட்டி, வந்தது வந்தாயிற்று, தனக்கும் ஒருமுறை பார்த்துவிடச் சொன்னாள். கிட்டத்தில் படிக்கிற எழுத்து கொஞ்ச நாளாகத் தெரியவில்லையாம். எதைப் படிக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல், வீட்டில் கிடக்கிற கதைப் புத்தகம் என்றாள்.